ஒரு வாய்க்கால், ஒரு வருடம்: டெல்டாவில் புகைப்படம் பழக முழுமையான வழிகாட்டி

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கம், காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். நான் படம் எடுக்க ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. பிழைப்பு வேறு. இது காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், யாரும் கேட்காமல் நானே செய்துகொள்ளும் வேலை.

முதல் மூன்று வருடம் வீண். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு தாராசுரம், தரங்கம்பாடி, கோடிக்கரை என்று சுற்றினேன். தாராசுரத்தில் கல் சக்கரத்தை எல்லோரும் எந்தப் பக்கம் நின்று எடுக்கிறார்களோ அதே பக்கம் நின்று நானும் எடுத்தேன். அப்புறம் வண்டி எஞ்சின் போய் இரண்டு மாதம் கிடையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்குக் கொல்லையில் ஓடும் பாசன வாய்க்கால் கரையிலேயே தினம் நடந்தேன். அந்த இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனையைச் சுற்றித்தான் போகும். நடக்கும் தூரத்தில் ஒரு இடத்தைப் பிடியுங்கள். தண்ணீர் வருவதில் தொடங்கி ஆறு காய்வது வரை, ஒரு சாகுபடி ஆண்டு அதையே எடுங்கள். டெல்டாவில் இது மற்ற ஊர்களைவிடச் சுலபம். நிலம் இங்கே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு நிறம் கட்டிக்கொள்கிறது.

படி 1: கையில் இருக்கும் போனைச் சரிசெய்யுங்கள்

கேமரா வாங்குவதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதல் ஆறு மாதத்துக்குப் போன் போதும். ஆனால் அதில் நாலு வேலை செய்தாக வேண்டும்.

லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பையில் கிடக்கும் போனின் லென்ஸில் விரல் எண்ணெய் ஒட்டியிருக்கும். விளக்கு, சூரியன் எல்லாவற்றையும் சுற்றி ஒரு புகை வட்டம் விழுவது அதனால்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணி இதற்கு ரொம்ப நல்லது.

செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுவிடுங்கள். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு திரையில் தெரியும். வயலும் வானமும் சேரும் கோடு கோணலாக விழாமல் இருக்க இது வேண்டும். நம் ஊரில் அந்தக் கோடு நூல் பிடித்த மாதிரி இருப்பதால், ஒரு பாகை சாய்ந்தாலும் ஆற்றுத் தண்ணீர் கொட்டிவிடப்போகிற மாதிரி தெரியும்.

அழகாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது முகத்தை வழவழப்பாக்கி, கறுத்த தோலைக் கேட்காமலேயே வெளுக்கிறது. நாற்பது வருடம் வெயிலில் நின்ற முகத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை அது. எனக்கு இதில் கோபமே உண்டு.

நாலாவது, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது வெறும் வெட்டிப் பெரிதாக்கல்தான். கிட்டப் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் தூரத்தில் இருக்கிற மாதிரியே எடுங்கள்.

படி 2: உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

அழகான இடம் தேட வேண்டாம். வீட்டிலிருந்து இருபது நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மழை நாளில் போகமாட்டீர்கள். தண்ணீர் ஓட வேண்டும். கிழக்கும் மேற்கும் திறந்திருக்க வேண்டும். ஆட்கள் அங்கே வேலையாக வந்துபோக வேண்டும். வாய்க்கால் கரை, மதகு, படித்துறை, பம்புசெட்டு, களம், ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை, எது வேண்டுமானாலும் ஆகும். கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி ஊருக்குள் இருப்பவர்கள் ஒரு தெருவையோ குளத்தின் ஒரு கரையையோ எடுத்துக்கொள்ளலாம். காலையில் கடை திறக்கும் நேரத்து பாத்திரக்கடைத் தெருவில் ஒரு வருடத்துக்கு வேண்டிய சரக்கு உண்டு.

முதல் வாரம் படமே எடுக்காமல் மூன்று நாள் நடந்துவிட்டு வாருங்கள். சூரியன் எந்த மரத்துக்குப் பின்னால் எழுகிறது, மாடு ஓட்டிக்கொண்டு வருபவர் எத்தனை மணிக்கு வருகிறார், மதகடியில் நுரை எந்தப் பக்கம் திரள்கிறது என்று பாருங்கள். கொக்குகூட நேரம் பார்த்துத்தான் வருகிறது.

படி 3: வெளிச்சத்தைப் படியுங்கள்

நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. படம் எடுப்பவருக்கு இதனால் இரண்டு விளைவு உண்டு. முதலாவது, சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலேறும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் பாடங்களில் பொன் வெளிச்சம் மணிக்கணக்கில் இருப்பதாகச் சொல்வார்கள். இங்கே முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஜூன் மாதம் ஆறு மணிக்குச் சற்று முன்னும், ஜனவரியில் ஆறரை வாக்கிலும் உதயம். ஏழரைக்கெல்லாம் வெயில் தடித்துவிடும். ஆகவே உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே கரையில் நிற்க வேண்டும். அந்த இருபது நிமிடத்து நீல வெளிச்சத்தில் நிழலே விழாது. படித்துறை, ஓட்டு வீடு, தண்ணீரில் மிதக்கும் வாழைமட்டை எல்லாம் மென்மையாக வரும்.

இரண்டாவது விளைவு, வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும், சூரியன் நடுப்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். அந்தக் காலத்தில் பகல் 11 முதல் 3 வரை முகம் எடுத்தால் கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் இருக்கும். அப்போது ஆளைத் திண்ணைக்குக் கூப்பிடுங்கள். தாழ்வாரத்தின் நிழல் விளிம்பில் நிறுத்தி, வெளிவாசல் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சிமெண்டு வாசலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்தை நிரப்பும். ஸ்டுடியோ விளக்கெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

மேகமூட்டமான நாளை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி அடைமழைக்கு நடுவில் அரை மணி நேரம் விடும்போது வரும் வெளிச்சத்தில் பச்சையின் எல்லா நிறமும் தனித்தனியாகத் தெரியும். நாற்றின் பச்சை வேறு, நட்ட பயிரின் பச்சை வேறு, வாழையின் பச்சை வேறு.

ஒரு பயிற்சி: ஒரே மதகை ஒரே நாளில் காலை 6, 9, மதியம் 12, மாலை 4, 6 என்று ஐந்து முறை, ஒரே இடத்தில் நின்று எடுங்கள். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் படியில் நான் எழுதியது மொத்தமும் அதில் இருக்கும்.

படி 4: கேமரா சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

எந்தக் கேமராவும் தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தர வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. புதிய போன்கள் கொஞ்சம் புத்திசாலிகள், ஆனாலும் டெல்டா அவற்றை ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

கரும்பச்சை வயல் நடுவில் வெள்ளைக் கொக்கு நிற்கிறது. கேமரா வயலைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு இறகு ஒன்றுகூடத் தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். குறைக்க வேண்டும். கோயில் கருங்கல் சிற்பம் படத்தை அடைத்து நின்றாலும் இதே கதை: கல்லைச் சாம்பலாக வெளுத்துவிடும், அங்கேயும் குறைக்க வேண்டும். மார்கழிப் பனிக்கு நேர் எதிர். பனி படத்தை அழுக்குச் சாம்பலாகக் காட்டும், கூட்ட வேண்டும். வானத்தைப் பின்னால் வைத்து நிற்கும் ஆளின் முகம் கறுத்துப்போகும்; அங்கேயும் கூட்ட வேண்டும்.

போனில் செய்வது எளிது. முக்கியமான இடத்தைத் திரையில் அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் சின்னச் சூரியக் குறி வரும். அதை மேலே கீழே இழுங்கள். கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கும். கொக்குக்குக் கழித்தல் 0.7இல் தொடங்குங்கள், பனிக்குக் கூட்டல் 0.7.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு மூன்று எண்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு எஃப் எண்ணில் வரும். எண் சிறிதானால் துளை பெரிது, பின்புலம் மங்கும். எஃப் 1.8இல் பாட்டியின் மூக்குத்தி மட்டும் துல்லியமாக இருக்கும், எஃப் 11இல் அவர் பின்னால் இருக்கும் வைக்கோல்போரும் துல்லியமாகிவிடும். ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு திறந்திருக்கும் நேரம், நகர்வைத் தீர்மானிக்கும். நெல் தூற்றும்போது மணிகளை அந்தரத்தில் நிறுத்த 1/1000 நொடி. சைக்கிளில் போகிறவரோடு கேமராவையும் கூடவே திருப்பி, பின்னணியைக் கோடாக இழுக்க 1/30. மதகில் விழும் தண்ணீரைப் பட்டாக்க அரை நொடி, அதற்கு முக்காலி வேண்டும். மூன்றாவது ஐஎஸ்ஓ, வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன். இருட்டில் இதைக் கூட்டலாம். கூட்டக் கூட்டப் படத்தில் மணல் தூவின மாதிரி பிசிறு வரும். படம் ஆடிப்போவதைவிடப் பிசிறு பரவாயில்லை, பயப்படாமல் கூட்டுங்கள்.

திரையை நம்ப முடியாத வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பளிச்சென்ற வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125. ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு இது மனப்பாடம்.

படி 5: தட்டை நிலத்தைப் படத்துக்குள் அடக்குவது

மலை கிடையாது, மேடு கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை வயல். நேரில் பார்க்கும்போது நெஞ்சு நிறையும். படத்தில் பார்த்தால் பாதி பச்சை, பாதி நீலம், நடுவில் ஒரு கோடு. இதில்தான் பலரும் சலித்துப்போகிறார்கள்.

உயரத்தை மாற்றிப் பாருங்கள். நிற்கும் உயரத்திலிருந்து எடுப்பதுதான் டெல்டாவுக்கு ஆகாத உயரம். ஒன்று, வரப்பில் குந்தி போனைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோங்கள்; நட்டு ஒரு வாரமே ஆன வயலில் வானம் முழுக்கக் கீழே கிடக்கும். இல்லையென்றால் பாலத்தின் மேலோ, அனுமதி கேட்டு மாடியிலோ ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் வரப்புகள் கோலம் மாதிரி பிரியும்.

நிமிர்ந்து நிற்கிற ஒன்றைத் தேடுங்கள். பனை, கோபுரம், மின்கம்பம், மண்வெட்டியோடு நிற்கும் ஆள். அகண்ட சமதரையில் ஒற்றைப் பனைக்கு இருக்கும் கம்பீரம் மலைக்காட்டில் ஒரு தேக்குக்கு வராது. வாய்க்காலையும் வண்டிப்பாதையையும் படத்தின் மூலையில் தொடங்கி உள்ளே ஓடவிடுங்கள்.

வானம் நன்றாக இருந்தால் முக்கால் பங்கு வானத்துக்குக் கொடுங்கள், வெறும் நீலமாக இருந்தால் ஒரு விரல் அகலம் போதும். பாதிக்குப் பாதி வைப்பது தண்ணீரில் பிம்பம் விழும்போது மட்டும்.

படி 6: தண்ணீரோடு போகும் ஆண்டு அட்டவணை

இதுதான் இந்த வழிகாட்டியின் வயிறு. ஆங்கிலத் தேதியைவிடத் தமிழ் மாதத்தில் கோப்புகளுக்குப் பெயர் வைத்தால் தேடுவது எளிது. என்னிடம் ஆடி மட்டும் எட்டு இருக்கிறது.

மேட்டூர் அணையைக் குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இருப்பைப் பொறுத்து நாள் மாறும்; 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். மேட்டூரிலிருந்து கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து உங்கள் வாய்க்காலுக்கு வரும் நாளை ஊரில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த முதல் தண்ணீர் வருடத்தில் ஒரே ஒரு காலைதான். காய்ந்த சருகையும் பிளாஸ்டிக்கையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, பாம்பு மாதிரி மெதுவாக வரும். முன்னால் நாய் ஓடும், பின்னால் பையன்கள் ஓடுவார்கள். தரையோடு தரையாகப் படுத்து, தண்ணீர் உங்களை நோக்கி வருகிற மாதிரி எடுங்கள். நான் முதல் தடவை நின்றபடி எடுத்து, அந்த வருடத்துப் படத்தைக் கோட்டைவிட்டேன்.

ஆனியில் உழவும் நாற்றங்காலும் நடவும். டிராக்டர் பின்னால் வரும் கொக்குக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். டிராக்டர் எப்படியும் திரும்பும். வயலின் மூலையில் நின்றால் கொக்கு உங்களிடமே வரும்.

ஆடி 18. படித்துறையில் மஞ்சள் கயிறு, காதோலைக் கருகமணி, காப்பரிசி, முளைப்பாரி. தெருவில் பையன்கள் இழுத்துப்போகும் சப்பரம். நதிக்குப் பூஜை செய்யும் பெண்களை நேருக்கு நேர் நின்று எடுப்பதைவிட, கைகளை எடுங்கள். கயிறு கட்டும் கை, வெற்றிலையில் சூடம் ஏற்றி ஆற்றில் விடும் கை. சப்பரத்துக்குக் குனிந்து, குழந்தையின் கண் மட்டத்தில்.

ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுவடை ஒரு பக்கம், சம்பா நடவு இன்னொரு பக்கம். ஒரே படத்தில் மஞ்சளும் இளம்பச்சையும் சேர்ந்து கிடைக்கும் காலம் இது.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. மாயவரத்தில் துலாக் கட்ட நீராடல் ஐப்பசி முழுக்க. கடைசி நாள் கடைமுகம், கூட்டம் தாங்காது. குடைகளை எடுக்க வேண்டுமென்றால் போகலாம். போனை ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, லென்ஸ் இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் கட்டினால் தூறல் தாங்கும். புயல் நாளில் மட்டும் கரைப்பக்கம் போகவே போகாதீர்கள். 2018 நவம்பரில் கஜா வந்துபோன பிறகு வேதாரண்யம் பக்கம் தென்னைகள் விழுந்து கிடந்த வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

மார்கழி. எனக்குக் கேட்டால் வருடத்தின் சிறந்த மாதம். ஐந்தரைக்கே தெருவில் கோலம், தெருவிளக்கு மஞ்சள், வானம் நீலம். இரண்டு வெளிச்சமும் சமமாக இருக்கும் பத்து நிமிடம் ஒன்று உண்டு, அதற்குக் காத்திருங்கள். பனிக்குள் சூரியனை மறைத்த மாதிரி ஒரு மரத்தையோ ஆளையோ வைத்தால் கதிர்கள் பிரிந்து வரும்.

தையில் சம்பா அறுவடை, பொங்கல். தஞ்சைப் பெரிய கோயிலில் மாட்டுப் பொங்கலுக்கு நந்திக்குக் காய்கறி, பழ அலங்காரம் செய்வார்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் இந்த மாதத்தை ஒட்டித்தான் வரும். கார்த்திகையிலிருந்து மாசி வரை வடுவூர் ஏரியிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் வலசைப் பறவைகள், கோடிக்கரையில் பூநாரை. போனில் பறவையை நெருக்கமாக எடுக்க முடியாது. ஏரி, மரம், அதில் புள்ளி புள்ளியாகப் பறவைகள் என்று எடுங்கள், அதுவும் நல்ல படம்தான். கூட்டுக்குக் கிட்டப் போவது, கல்லெறிந்து பறக்கவிட்டு எடுப்பது இரண்டும் அயோக்கியத்தனம்.

மாசி, பங்குனியில் நெல் தாளுக்கு நடுவே உளுந்து. யாரும் எடுக்காத பயிர் இது; மாலை வெயில் தாளில் குறுக்காகப் படும்போது வயல் செம்பு நிறமாகும். திருவாரூர் ஆழித்தேர் ஓட்டமும் இந்தக் காலத்தில்தான். 96 அடித் தேரைக் கிட்ட நின்று படத்தில் அடக்கப் பார்த்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும். வடம் பிடிக்கும் கைகளோடு சேர்த்து, தூரத்திலிருந்து தெருவின் வீடுகளுக்கு மேலே அது எழுவதாக எடுத்தால்தான் அதன் அளவு புரியும்.

சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும். ஸ்டம்பு நட்டு ஆற்றுக்குள் கிரிக்கெட். பிடிபட்ட பந்தைவிடப் பந்து போன திசையைப் பார்க்கும் பத்து முகங்கள் மேல்.

படி 7: ஆட்களிடம் கேளுங்கள்

கேமராவைத் தூக்கிக்கொண்டு வயல்பக்கம் போனால் முதல் கேள்வி “எந்த சேனல்?” என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது, “நிவாரணம் ஏதும் வருதா?” வீணாய் ஆசை காட்டிவிடக் கூடாது. சொந்த ஆசைக்கு எடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போன் என்றால் கேள்வியே வராது, ஆனாலும் கேளுங்கள்.

ஒரு ஆனி மாதம், நடவு வயலில் எட்டுப் பேர் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

“ஏந்தம்பி, சேத்துல நிக்கிறவள எடுத்து என்னா பண்ணப்போறே?”

“படம் போட்டுக் கொண்டாந்து தர்றேங்க்கா.”

“எல்லாரும் அப்புடித்தான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு நட ஆரம்பித்துவிட்டார்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தேன். இந்தக் கதை பாக்கி இருக்கிறது, கடைசிப் படியில் வரும்.

குளிக்கும் படித்துறை, துக்க வீடு, பிள்ளைகளைப் பெற்றவர் இல்லாத இடத்தில் எடுப்பது, இது மூன்றும் என் பட்டியலில் கிடையாது. ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டால் அதுதான் பதில். எடுத்ததை அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள்.

போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. முகத்துக்கு ஓரடியில் வைத்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும். நாலடி தள்ளி நின்று எடுங்கள். இரண்டு மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் போடுங்கள்.

படி 8: கோயிலுக்குள்

முதலில் விதியைப் பாருங்கள். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. பல கோயில்களில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் மாதிரி இடங்களில் வெளிப்பிராகாரத்தில் எடுக்கலாம், சன்னிதியில் கூடாது. முக்காலிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் உள்ளே நுழைந்து பார்த்தால் 216 அடி விமானத்தின் முகத்தில் வெயில் விழும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால். மாலையில் போகிறவர்கள் மேற்குப் பிராகாரத்துக்குச் சுற்றிப் போனால் கல் பொன்னாவதைப் பார்க்கலாம். கூட்டமும் அங்கே குறைவு.

1010இல் முடிந்த அந்தக் கோயிலை 1858இலேயே ஒருவர் கேமராவில் பிடித்திருக்கிறார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப். அவர் விமானத்தை எடுத்ததோடு நிற்கவில்லை. அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். அண்ணாந்து பார்க்க இவ்வளவு இருக்கும்போது குனிந்து அடித்தளத்தைப் படித்த அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கும். அடுத்த முறை போகும்போது நீங்களும் இடுப்புக்குக் கீழே உள்ளதை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

படி 9: கேமரா வாங்குவதும் பூஞ்சையும்

ஆறு மாதம் போனில் எடுத்த பிறகும் ஆசை அடங்கவில்லையென்றால் வாங்குங்கள். பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா) ஒன்றும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். பழையது வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள்; தொடக்கநிலைக் கேமராக்கள் பொதுவாக ஒரு லட்சம் அடி தாங்கும். எஃப் 16இல் வெற்று வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்தால் படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி புள்ளியாகத் தெரியும். லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, பணத்தைத் திரும்பப் பையில் வையுங்கள்.

பூஞ்சைதான் டெல்டாவில் கேமராவுக்கு எமன். நான் என் முதல் லென்ஸைப் பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று தோல் பைக்குள் போட்டு, பீரோவுக்குள் பூட்டி வைத்தேன். கார்த்திகை முடிந்து திறந்தால் கண்ணாடிக்குள் காளான் தோட்டம். பையும் பீரோவும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்கி, உள்ளே சிலிக்கா ஜெல் மணிகளும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போடுங்கள். ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நீல மணிகள் ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் இரண்டு முறை வெளியே எடுத்துப் படம் எடுப்பது.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் கழித்து எடுங்கள்.

படி 10: பொறுக்குங்கள், பத்திரப்படுத்துங்கள், பிரிண்ட் போடுங்கள்

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்க வேண்டாம். எடுத்தபோது இருந்த சந்தோஷம் படத்தில் இருப்பதாகத் தோன்றும். ஒரு வாரம் ஊறவிட்டுப் பாருங்கள். நூறு எடுத்தால் மூன்று தேறும். திருத்தம் செய்ய ஸ்னாப்சீட் மாதிரி இலவசச் செயலி போதும்: கோட்டை நேராக்குங்கள், ஓரத்தை வெட்டுங்கள், வெளிச்சத்தைச் சற்றே சரிசெய்யுங்கள். பச்சையை மட்டும் ஏற்றாதீர்கள். நம் வயலுக்கு அது தேவையில்லை, பிளாஸ்டிக் புல் ஆகிவிடும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு வீட்டில். ஒரு ஆடிப்பெருக்கின் படங்கள் மொத்தத்தையும், கார்டைத் தப்பாக ஃபார்மட் செய்து அழித்தவன் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப்போகும்.

பிரிண்ட் போடாத படம் பாதிப் படம். 4க்கு 6 அங்குலத்துக்கு 1200க்கு 1800 புள்ளிகள் இருந்தால் தெளிவாக வரும். எந்தப் போனிலும் இதைவிட அதிகமாகவே இருக்கிறது. மினுமினுப்புத் தாள் வேண்டாம், மேட் கேளுங்கள். மாதத்துக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு போட்டு ஒரு ஆல்பத்தில் வையுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதி.

அந்த நடவுப் படத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வரிசை, பிம்பம், மேகம் எல்லாம் அமைந்த படம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்.

“எட்டு முதுகு தெரியுது. இதுல நான் எது?”

பதில் சொல்ல முடியவில்லை. எனக்கே தெரியவில்லை.

“நல்லா எடுக்கணும்னா ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. சேல மாத்திக்கிட்டு நிக்கிறேன்.”

போனேன். காலை எட்டு மணி, திண்ணை ஓரம், எஃப் 4, ஐஎஸ்ஓ 400. பட்டுச் சேலை கட்டி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மடியில் பேத்தியை உட்காரவைத்ததும் கைக்கு வேலை வந்துவிட்டது. அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் ஆல்பத்தில் எட்டு முதுகும் இதுவும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கின்றன.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஏழு வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தாயிற்று. எட்டாவது வீட்டு அண்ணன் டிராக்டரோடுதான் நிற்பேன் என்கிறார். டிராக்டர் சர்வீசுக்குப் போயிருக்கிறது.